பழைய காலிப்பர் காலில், புதியது பரணில்

இளம்பிள்ளை வாதம் வந்து, ஐந்து வயதிலோ ஏழு வயதிலோ முதல் காலிப்பர் மாட்டி, முப்பது நாற்பது வருடம் இரும்பும் தோலுமாக நடந்துவிட்டு, இப்போது பிளாஸ்டிக் காலிப்பருக்கு மாறப் போகிறவர்களுக்கான அத்தியாயம் இது. முதன்முதலாகக் காலிப்பர் போடுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவர்கள் புதிதாக ஒன்றைப் பழகினால் போதும். உங்களுக்கு அதோடு பழைய பழக்கத்தை விடுகிற வேலையும் இருக்கிறது.

பல வீடுகளில் நடப்பது இதுதான். முகாமிலோ மருத்துவமனையிலோ புதுக் காலிப்பர் கிடைக்கிறது. வெள்ளை வெளேரென்று இருக்கிறது, தூக்கினால் எடையே தெரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பத்து நாளில் அது பரணுக்குப் போய்விடுகிறது, பழைய இரும்பு மறுபடி காலுக்கு வந்துவிடுகிறது. “பழசை விட மனசு வரலை” என்று வீட்டில் கேலி பேசுவார்கள். மனசுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. புதியதைச் செய்தவர் காலை மட்டும் அளந்திருப்பார். அந்தக் காலை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி நிற்கிறீர்கள், எப்படி நடக்கிறீர்கள் என்பது அளவுத்தாளில் ஏறியிருக்காது. அது பழைய காலிப்பரில் இருக்கிறது. ஆகவே பழையதைப் படித்துப் பார்த்துத்தான் புதியதைச் செய்ய வேண்டும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

பழையது என்ன செய்துகொண்டிருந்தது?

இரண்டு பக்கமும் கம்பி, தொடையில் ஒரு தோல் பட்டை, கெண்டைக்காலில் ஒன்று, முட்டியில் ஒரு தோல் மூடி, முட்டிக்கு இரு பக்கமும் விழுந்து பூட்டும் வளைய லாக், கீழே குதிகாலில் கம்பி செருகிய பூட்ஸ். பூட்ஸோடு சேர்த்து இரண்டரை, மூன்று கிலோ வரும். இந்த எடையைத் தூக்கி நடந்து உங்கள் இடுப்பு ஒரு தாளத்தைப் பழகிவைத்திருக்கிறது. கனமான காலை முன்னால் வீசினால் அது தன் கனத்திலேயே போய் விழும். எடை பாதியானால் சுகமாக இருக்கும் என்று நினைப்போம். முதல் சில நாள் அப்படி இருக்காது. அதே பலத்தோடு இடுப்பு வீசுவதால் கால் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிப் போய் விழும், அடி பிசகும். இது காலிப்பரின் குறை கிடையாது, தானாகவே சரியாகும்.

தானாகச் சரியாகாதவை வேறு உண்டு. தொடையின் முன்தசை செத்துப்போன காலில் முட்டி மடங்காமல் நிற்க உடம்பு சில வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கும். முட்டியைக் கொஞ்சம் பின்னால் வளையவிட்டு அதில் சாய்ந்து நிற்பது ஒரு வழி. குதிகால் தசைநாண் இறுகி, முன்பாதம் கீழே தொங்கி நிற்பதும் அதற்கு உதவுகிறது. பாதம் தரையை அழுத்தும்போது முட்டி பின்னால் தள்ளப்படும், கால் குட்டையாக இருந்தால் அந்த நீளத்தையும் அது கொஞ்சம் ஈடுகட்டும். பார்ப்பவருக்கு இவை கோணல். உங்களுக்கு இவைதான் பிடிமானம். படித்துவிட்டுப் புதிதாக வந்தவர் ஒருவர் இதையெல்லாம் ‘நேராக்கி’ ஒரு காலிப்பர் செய்து கொடுத்தால், படத்தில் பார்க்க அழகாக இருக்கும். போட்டு எழுந்தால் முட்டி மடிந்துவிடுமோ என்ற பயம் உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவில் இயற்கை வைரஸால் வரும் போலியோ கடைசியாகக் கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர்களிடம் வருகிற கால்கள் விபத்துக் கால்கள், சர்க்கரைக் கால்கள், பக்கவாதக் கால்கள். போலியோ காலை அவர்கள் புத்தகத்தில்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். அந்தப் பாடத்தை எடுக்க வேண்டிய ஆசிரியர் நீங்கள்தான்.

எதற்காக மாற வேண்டும்?

நன்றாக நடந்துகொண்டிருந்தால் மாறாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். புதுசு என்பதற்காக மட்டும் யாரும் மாற வேண்டியதில்லை. ஆனால் மாறவைக்கிற காரணங்கள் ஐம்பது வயதுக்கு மேல் தாமாகவே வரும். போலியோ வந்து போய்ப் பல பத்தாண்டு கழித்து, நல்லது என்று நினைத்திருந்த காலிலும் கையிலும் புதிதாகப் பலவீனம், சாயங்காலம் ஆனால் தாங்காத அசதி, தசை வலி வருவதுண்டு. மருத்துவர்கள் இதைப் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்கிறார்கள். அதிகமாக உழைத்து உழைத்து மீதித் தசைகள் களைத்துப் போவதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். இந்த நிலையில் மூன்று கிலோவைத் தூக்குவது வீண் செலவு. ஊன்றுகோலை அழுத்தி அழுத்தித் தோள் கெட்டுப்போயிருந்தாலும் அப்படித்தான். இன்னொரு காரணம் வெறும் நடைமுறை: உயரம் வைத்து, கம்பி செருக ஓட்டையோடு பூட்ஸ் தைத்துக் கொடுக்கும் கைகள் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வருகின்றன.

எடையைப் பற்றிப் பேசினால் அப்துல் கலாமைச் சொல்லாமல் போக முடியாது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனையில் மூன்று கிலோ காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ஏவுகணைக்காக உருவாக்கிய கலப்புப் பொருளில் 300 கிராம் அளவில் கருவி செய்யவைத்தார். தன் வாழ்க்கையில் பெரிய மகிழ்ச்சி தந்தவற்றில் ஒன்றாக அதைப் பல மேடைகளில் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு, “எனக்கும் அந்த முந்நூறு கிராம் கருவி வேண்டும்” என்று இன்றும் பலர் போய் நிற்கிறார்கள். அது முட்டிக்குக் கீழே மட்டும் போடுவது. முன்னெலும்பின் மேல் ஒரு தகடு அழுத்தி, தரையின் எதிர்விசையால் முட்டியை நிமிர்த்தும். முட்டி மடங்கியபடியே இறுகிப் போயிருந்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ, இடுப்புத் தசையில் பலம் இல்லாமல் இருந்தாலோ அது சரிவராது. தொடை வரைக்கும் காலிப்பர் போட்டுப் பழகிய பெரியவர் திடீரென்று அதற்கு மாறக் கூடாது. ஆசைப்படுவதில் தப்பில்லை, மருத்துவர் கையால் தசைப் பலத்தைச் சோதித்துப் பார்த்த பிறகு ஆசைப்படுங்கள்.

அளவு கொடுக்கப் போகும்போது

பழைய காலிப்பரைக் காலில் மாட்டிக்கொண்டே போங்கள். பையில் போட்டு எடுத்துப் போனால் போதாது. அதைப் போட்டு நிற்பதையும் நடப்பதையும் காலிப்பர் செய்பவர் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வேண்டும், முடிந்தால் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். பிறகு கழற்றி அதையே ஒரு தாளாகப் படிக்கச் சொல்லுங்கள். பூட்ஸ் சோல் எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது, தொடைப் பட்டையில் தோல் எங்கே கறுத்திருக்கிறது, கம்பி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, பட்டறையில் எந்த இடத்தில் திரும்பத் திரும்பப் பற்றவைத்திருக்கிறார்கள். உடம்பின் பாரம் எந்த வழியில் இறங்குகிறது என்பதை இந்த நான்கும் சொல்லிவிடும்.

முட்டியைப் பற்றிய பேச்சு நிச்சயம் வரும்.

“சார், முட்டி பின்னாடி போகுதே. நேராக்கிடலாமா?”

“வேணாம் தம்பி. அந்த வளைவுலதான் நான் நிக்கிறேன். மேற்கொண்டு வளையாம பிடிச்சுக் குடுங்க, இருக்கிறதை எடுத்துடாதீங்க.”

இவ்வளவு தெளிவாகச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தால் அவஸ்தை உங்களுக்கு. வளைவு வருடா வருடம் கூடிக்கொண்டே போய், முட்டிக்குப் பின்னால் வலிக்கிறது என்றால் அது வேறு கதை. அப்போது கொஞ்சம் திருத்தத்தான் வேண்டும். அதிலும் ஒரே அடியாக வேண்டாம்.

உயரம் அடுத்த சண்டை. சூம்பிய கால் நாலு சென்டிமீட்டர் குட்டை என்றால் நாலையும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். முட்டியைப் பூட்டிக்கொண்டு நடப்பவருக்கு அப்படிச் செய்தால், வீசும்போது கால் தரையில் தட்டும். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவாக விடுவதுதான் வழக்கம். உங்கள் பழைய பூட்ஸில் எத்தனை வருடமாக எவ்வளவு உயரம் இருந்ததோ அதையே முதலில் வையுங்கள். இடுப்பும் முதுகெலும்பும் அந்தக் கணக்குக்கு வளைந்து பழகிவிட்டன. கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ளலாம்.

எந்தச் செருப்பு அல்லது ஷூ போடப் போகிறீர்களோ அதையும் அன்றே கொண்டு போக வேண்டும். இதைப் பத்தில் எட்டுப் பேர் செய்வதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. பிளாஸ்டிக் காலிப்பரில் கணுக்கால் ஒரு கோணத்தில் நிலையாக வார்க்கப்பட்டிருக்கும். ஷூவின் குதிகால் உயரம் கூடினால் மொத்தக் காலும் முன்னால் சாயும், முட்டி மடங்கப் பார்க்கும். குறைந்தால் முட்டி பின்னால் தள்ளப்படும். அரை அங்குல வித்தியாசமே நன்றாகத் தெரியும். ஆகவே பிறகு ஷூ மாற்றும்போதும் அழகு, நிறம் எல்லாம் பிற்பாடு. குதிகால் உயரம் பழைய ஷூவுக்குச் சமமா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. சூம்பிய பாதம் சின்னது என்பதால் இத்தனை வருடம் இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றில் ஒன்றைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் பாதத்தகடு இடத்தை அடைப்பதால் பலருக்கு இரண்டு காலுக்கும் ஒரே அளவு பொருந்திவிடுகிறது. ஷூவின் உள்தட்டை எடுத்துவிட்டால் இன்னும் சுலபம்.

அளவு எடுப்பவர் யார் என்று கேட்பதில் தவறில்லை. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண் இருக்கும். சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு போன்ற இடங்களில் மருத்துவர், பயிற்சியாளர், காலிப்பர் செய்பவர் மூவரும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள் என்பது பெரிய வசதி. முகாமில் இலவசமாக வாங்குவதும் நல்லதுதான். ஆனால் முகாமில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கொடுத்த பிறகு திருத்த வேண்டியிருந்தால் எங்கே, யாரிடம் வருவது? பதில் இல்லாத முகாமில் மூன்று சக்கர வண்டியோ ஊன்றுகோலோ வாங்கலாம், காலிப்பர் வேண்டாம். திருத்தாமல் பொருந்துகிற காலிப்பர் அபூர்வம்.

முதல் தடவை போட்டுப் பார்க்கும் நாள்

அவசரமாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். அரை நாளாவது அங்கேயே இருக்கும்படி போங்கள்.

முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலிப்பரின் முட்டிக் கீலும் உங்கள் முட்டியும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால், உட்காரும்போது கெண்டைப் பகுதி மேலும் கீழும் வழுக்கும். நின்றபடி பிளாஸ்டிக்கின் மேல் ஓரத்தைத் தோலில் பேனாவால் குறித்து, உட்கார்ந்து பார்த்தால் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். பிறகு மடக்கிப் பாருங்கள்: தொடைத் தகடும் கெண்டைத் தகடும் பின்னால் ஒன்றோடொன்று முட்டித் தோலைக் கவ்வுகிறதா? நம் ஊர்ப் பஸ் சீட்டும் ஆட்டோவும் முட்டியை நன்றாக மடக்கச் சொல்பவை. அங்கேயே ஓரத்தைச் சீவித் தரச் சொல்ல வேண்டும்.

அரை மணி நேரம் நடந்துவிட்டுக் கழற்றினால் தோலில் சிவப்பு இருக்கும். தொடை, கெண்டைச் சதைமேல் பரவலாகச் சிவந்திருந்தால் கவலையில்லை. கணுக்கால் முட்டு, முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முனை, பாதத்தின் உள்பக்க எலும்பு, குதிகால் பின்புறம் ஆகிய இடங்களில் வட்டமாகச் சிவந்து, இருபது முப்பது நிமிடத்திலும் மறையாவிட்டால் அந்த இடத்தைச் சூடு காட்டி வெளியே தள்ள வேண்டும். அதற்கென்று சூடான காற்று அடிக்கும் கருவி அவர்களிடம் இருக்கிறது. வீட்டில் கேஸ் அடுப்பில் காட்டி நீங்களே செய்யலாம் என்று எவரும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இளகிய பிளாஸ்டிக் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. போலியோ தாக்குவது தசையை இயக்கும் நரம்பணுக்களை. உணர்ச்சி அப்படியே இருக்கும். அழுத்தினால் வலிக்கும், வலியை நம்பலாம். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் அந்த நம்பிக்கை செல்லாது. தினமும் கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்கால் வரை பார்த்தாக வேண்டும்.

முதல் மாதம்

முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், அதையும் காலை, மாலை என்று பிரித்துக்கொள்ளலாம். தோல் சரியாக இருந்தால் தினம் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். மீதி நேரத்துக்குப் பழையதே இருக்கட்டும். வேலைக்குப் போவது, கடைத்தெரு, மாடிப்படி எல்லாம் முதல் வாரத்தில் பழையதோடுதான். புதியதைப் போட்டுக்கொண்டு வீட்டுக் கூடத்தில் சுவர் ஓரமாக, ஜன்னல் கம்பி எட்டும் தூரத்தில் நடங்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற உற்சாகத்தில் மூன்றாம் நாளே வெளியே கிளம்பி விழுந்தவர்கள் பலர் அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

விழுவதைப் பற்றி வெளிப்படையாகவே பேசலாம். பழைய காலிப்பரோடு விழுந்தால் எப்படி உருண்டு எதைப் பிடித்து எழுவது என்பது உங்கள் கைகளுக்குத் தெரியும். புதியதோடு அது மாறும். பூட்ஸ் தரையைப் பற்றியது போல் பிளாஸ்டிக் பற்றாது. வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாயை விரித்து, வேண்டுமென்றே தரையில் உட்கார்ந்து எழுந்து பழகிவிடுங்கள். தெருவில் முதன்முதலாக இதைக் கண்டுபிடிக்கும் நிலை வரக்கூடாது.

இடுப்பிலும் முதுகிலும், நல்ல காலின் தொடையிலும் இரண்டு வாரம் போல மந்தமான வலி இருக்கலாம். வேலை செய்யாதிருந்த தசைகள் வேலைக்கு வருகின்றன. ஓய்வெடுத்தால் அடங்குகிறதா என்று பாருங்கள். காலையில் எழும்போதும் அசதி தீராமல் இருந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். போலியோக்காரர்களுக்கு ‘வலிக்க வலிக்கப் பயிற்சி’ என்பது ஆகாத வைத்தியம்.

வாசலில் கழற்றும் வீடுகள்

இந்த விஷயத்தைக் கருவி கொடுப்பவர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நாம் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள். பழைய காலிப்பரில் பூட்ஸும் கம்பியும் ஒன்று என்பதால், ஒன்று பூட்ஸோடு கூடத்துக்குள் வருவோம், இல்லையென்றால் மொத்தத்தையும் கழற்றிவிட்டுத் தவழ்வோம், தொடையைக் கையால் ஊன்றி நடப்போம். பூஜை அறை, கோயில், அடுத்தவர் வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரும் ஒரு ஏற்பாடு வைத்திருப்போம். பிளாஸ்டிக் காலிப்பரில் ஷூவைத் தனியாகக் கழற்றலாம். அதனாலேயே பலர் இதற்கு மாறுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள்.

ஆனால் ஷூவைக் கழற்றினால் குதிகால் உயரமும் போகிறது, சோலில் வைத்த கூடுதல் உயரமும் போகிறது. முட்டி பின்னால் தள்ளும், இடுப்பு ஒரு பக்கம் இறங்கும், மொழுமொழு டைல்ஸில் வெறும் பிளாஸ்டிக் வழுக்கும். நனைந்த குளியலறையில் சொல்லவே வேண்டாம். இதற்கு நல்ல தீர்வு, காலிப்பரின் பாதத்தகட்டின் அடியிலேயே அந்தக் கூடுதல் உயரத்தின் ஒரு பகுதியை எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பரில் ஒட்டிவிடுவது. ஷூவுக்குள் இடம் கொடுக்கும் அளவுதான் ஒட்ட முடியும், ஒரு சென்டிமீட்டர் போல. மீதி ஷூ சோலில். உயரம் அதிகம் தேவைப்படுகிறவர்கள் வீட்டுக்குள் மட்டும் போட, தெருவில் வைக்காத ஒரு ஜோடி, பின்பட்டை உள்ள சாண்டலில் அதே உயரத்தை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். ஹவாய் செருப்பு எந்த நிலையிலும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் முணுமுணுத்தால், இது செருப்பு இல்லை, காலின் பாகம் என்று சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொள்வார்கள், கேட்காவிட்டாலும் விழுந்து எலும்பு முறிவதைவிட முணுமுணுப்பு தேவலை.

உடையிலும் சில மாற்றம் வரும். கம்பி உரசி முட்டிப் பக்கம் பேன்ட் கிழிவது நிற்கும். அதற்குப் பதில் வெல்க்ரோ வந்திருக்கிறது. அதன் முள் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பட்டுப் புடவையையும் உள்பாவாடையையும் இழுத்து நூலெடுத்துவிடும். ஒட்டும் பட்டை நீளம் சரியாக இருக்கும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள், முள் பக்கம் முழுதும் மூடியிருக்க வேண்டும்.

லாக், படி, வண்டி

வளைய லாக் உங்களுக்குக் கைவந்தது என்றால் புதியதிலும் அதையே கேளுங்கள். பின்பக்கம் வளைந்த கம்பி ஒன்றைக் காட்டி, “நாற்காலி விளிம்பில் தட்டினால் தானே திறக்கும், குனியவே வேண்டாம்” என்பார்கள். இரண்டு காலிலும் காலிப்பர் போட்டு, இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்தவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் நெரிசலான பஸ்ஸில் பின்னாலிருப்பவர் பை இடித்தாலும் அது திறக்கும். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நிற்கும்போது பூட்டி வீசும்போது தானே மடங்கும் முட்டிகளும் வந்திருக்கின்றன. விலை அதிகம், இடுப்பில் நல்ல பலம் வேண்டும், ஐம்பது வருடம் பூட்டிய காலோடு நடந்தவருக்குப் பழக வெகு காலம் பிடிக்கும்.

படியில் விதி பழையதுதான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது காலிப்பர் கால் முதலில். சரிவுதான் புதுப் பாடம். பழைய பூட்ஸில் கணுக்கால் கீல் கொஞ்சம் அசைந்திருக்கும். வார்த்த பிளாஸ்டிக்கில் அது அசையாது; சாய்தளத்தில் இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல் உடம்பு முன்னால் போகும். பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். அன்றாடம் சரிவில் நடக்க வேண்டிய ஊர்க்காரர்கள், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று இருப்பவர்கள், கணுக்காலில் கீல் வைத்த காலிப்பர் பொருந்துமா என்று அளவு கொடுக்கும்போதே கேட்க வேண்டும்.

இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போகிறவர்கள், வண்டியை நிறுத்தி வைத்தே ஏறி இறங்கிப் பழகுங்கள். கனமான பூட்ஸ் வைத்த இடத்தில் இருந்தது. லேசான கால் மேடு பள்ளத்தில் துள்ளி வெளியே வந்துவிடும். கால்வைக்கும் தட்டில் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு போட்டால் போதும்.

வேர்வையும் விரிசலும்

தோலாவது கொஞ்சம் வேர்வையைக் குடித்தது. பிளாஸ்டிக் குடிக்காது. சித்திரை வைகாசியில் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை, மார்கழி தை நல்ல காலம். உள்ளே தையல் இல்லாத பருத்திக் குழல் துணி போட வேண்டும்; சர்ஜிகல் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடுங்கள், மத்தியானம் ஒன்று மாற்றுங்கள். பவுடர் கொட்டினால் வேர்வையில் கட்டிதட்டி உறுத்தும். தேங்காய் எண்ணெய் இரவில் கழற்றிய பிறகு மட்டும். சாயங்காலம் கால் வீங்குகிறவர்கள் அதைக் காலிப்பர் செய்பவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தோல் பட்டையில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டது போல இதில் தள்ளிப் போட முடியாது.

கழுவ ஈரத்துணியும் கொஞ்சம் சோப்பும் போதும், துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். நடக்கும்போது ஷூவுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தால் பாதத்தகட்டின் மேல் ஒரு பழைய சாக்ஸை மாட்டுங்கள். இரும்பு லாக்குக்கும் கீலுக்கும் வழக்கம்போல் ஒரு சொட்டு எண்ணெய், வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

பழுது பார்ப்பதில் ஒரு இழப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. கம்பி முறிந்தால் தெருமுனை சைக்கிள் கடையிலோ லேத் பட்டறையிலோ அரை மணியில் பற்றவைத்துக்கொண்டு வீடு வந்தோம். பிளாஸ்டிக் வெடித்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஒட்டுப் பசையும் நிற்காது. ஆகவே வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கணுக்காலுக்குப் பின்னால் வளைகிற இடம், கம்பியைப் பிளாஸ்டிக்கோடு பிடிக்கும் ரிவிட்டைச் சுற்றியுள்ள இடம், இந்த இரண்டிலும்தான் முதலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். கோடு தெரிந்த அன்றே பழைய காலிப்பருக்கு மாறிவிட்டு, புதியதைச் செய்தவரிடம் எடுத்துப் போக வேண்டும். அந்த ஒரு நாளுக்காகப் பழையதன் பூட்ஸ், லாக், பட்டை எல்லாவற்றையும் வருடம் ஒரு முறை போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் பட்டையை மாற்றி வையுங்கள். மாட்டி வாசல் வரை நடந்து பார்த்த பிறகே மடித்து வைக்கலாம்.